பின் சக்கரத்தில் ஒரு நகப்பூச்சுப் பொட்டு

பழைய காருக்குச் சாமான் வாங்கப் போகிறவன் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. ராஜபாளையத்தில் எந்த ஸ்பேர்ஸ் கடைப் படி ஏறினாலும் முதல் கேள்வி இதுதான்: "சாம்பிள் இருக்கா?" பெயரைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். செல்போனில் படம் காட்டினால் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள். உடைந்ததை, தேய்ந்ததை, துரு தின்றதைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி, அவர்கள் மேசைமேல் வைக்க வேண்டும். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய், அதன் இளமையை எடுத்து வருவார்கள்.

பதினெட்டு வருடமாக என் காருக்கு நான்தான் எல்லாம். வைப்பர் மோட்டார், கண்ணாடி ஏற்றும் மெஷின், ஹாரன், ஃபேன் பெல்ட், கதவுக் கைப்பிடி. ஒருமுறை ரேடியேட்டரை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். "இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர். கார் வீட்டில் பிரிந்து கிடக்கும், அதன் உறுப்பு ஒன்று என் மடியில் இருக்கும். ஒன்றைச் சரிசெய்ய முதலில் அதை இன்னும் கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நான் கதை எழுதுகிறவன். காகிதத்தில் எதை எழுதினாலும் அது சரியா என்று கடைசிவரை தெரிவதில்லை. நட்டு அப்படியில்லை, இறுகினால் இறுகியதுதான். மூன்று வருடம் முன்புவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் காருக்கு எஃப்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. இடது பின்விளக்கை ஒரு மாடு முட்டி உடைத்திருந்தது. சில்லுகளைப் பேப்பரில் கட்டிக்கொண்டு போனேன்.

"கிளீனர் சைடா, டிரைவர் சைடா?" என்றார் கடைக்காரர்.

"கிளீனர் சைடு."

லாரியில் கிளீனர் உட்காரும் பக்கம் இடது. அதனால் கிளீனரே ஏறாத காருக்கும் இங்கே இடது என்றால் கிளீனர் சைடுதான். நான் ஓட்டினால் அந்தப் பக்கம் என் அண்ணன் உட்காருவான். "ஒனக்கு வாச்ச கிளீனர் நான்தாம்லே, சம்பளந்தான் இல்ல" என்பான்.

கடைக்காரர் சில்லுகளைத் தடவிப் பார்த்தார். "இந்த மாடல் நின்னு பல வருசமாச்சு சார். புதுசு வராது. காயலான் கடையில ஒங்க கலர்லயே ஒண்ணு கெடக்கு. பின்பக்கம் முழுசா இருக்கு, முன்பக்கந்தான்…"

யாருடைய கார் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. பேப்பரைப் பழையபடி மடித்து என் கையில் கொடுத்தார்.

அந்தக் கார் அங்கே கிடப்பது எனக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்தத் தெருவைத் தவிர்க்க இரண்டு தெரு சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அது அண்ணனுடையது. இரண்டு பேரும் ஒரே மாதத்தில், ஒரே மாடலை, ஒரே நிறத்தில் வாங்கினோம். மழைக்கு முந்தின மலையின் சாம்பல் கலந்த நீலம்.

அவன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தான், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலை வீட்டுக்குத் திரும்ப வேண்டியவன், வீடு இருக்கும் ஊரைத் தாண்டிப் போயிருக்கிறான். கிருஷ்ணன்கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஒரு புளியமரத்தில் மோதியது. அங்கே வளைவு இல்லை. எதிரே வண்டி வரவில்லை. ரோட்டில் டயர் இழுபட்ட கறுப்புக் கோடு இல்லை. வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக் சோதிக்க இயலாத நிலையில் உள்ளது என்று எழுதிக் கொடுத்தார்கள். எஞ்சின் இருந்த இடத்தில் மரம் இருந்தது, எதைச் சோதிப்பார்கள்?

அதற்கு மூன்று வாரம் முன்புதான் அந்தக் காருக்கு நான் பிரேக் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டு வாசலில். பின்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் ஷூ. வேலை கடினமானதில்லை, ஒரே ஒரு விதிதான். ஒரு பக்கத்தைக் கழற்றி, மாட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். கழற்றியதில் எது எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால், திறக்காத பக்கத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு அண்ணன் அவசரப்படுத்தினான். மத்தியான ஷிப்டுக்கு ஆள் இல்லையாம், அவனைக் கூப்பிடுகிறார்களாம். நான் இரண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துவிட்டேன்.

சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை ஷூ அழுத்தித்தான் வண்டி நிற்கும். ஷூ தேயத் தேய இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியைக் குறைத்துக் கொடுக்க, டிரம்முக்குள் ஒரு சின்ன இரும்புப் பட்டை உண்டு. அட்ஜஸ்டர். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மாறிப்போனால் வேலை செய்யாது, அவ்வளவுதான். மாட்டிய அன்று பிரேக் அருமையாகப் பிடிக்கும். நாளாக நாளாக இடைவெளி கூடும். பிறகு முதல் மிதிக்குப் பெடல் பாதிவரை ஆழ்ந்துபோகும், இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கும். அந்த இரண்டாவது மிதிக்கு நேரமில்லாதவன் என்ன செய்வான்?

பேப்பரில் இடது சாமான் ஒரு பக்கம், வலது சாமான் ஒரு பக்கம் என்று பிரித்துத்தான் வைத்திருந்தேன். காற்று வந்தது. பேப்பரின் ஓரம் புரண்டது. அண்ணன் குனிந்து இரண்டு மூன்று சாமான்களைப் பொறுக்கிப் பழையபடி வைத்தான். பழையபடிதான் வைத்தானா? நான் பார்க்கவில்லை. அப்போது பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன். "நீதாண்ணே எங்கயோ வச்சுட்ட" என்று அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் நட்டுகளுக்கு ஒரு பொட்டு வைப்பது என் பழக்கம். நட்டையும் அது உட்கார்ந்த தகட்டையும் சேர்த்து ஒரு சொட்டுப் பெயிண்ட். பின்னால் யாராவது திருகினாலோ, தானே தளர்ந்தாலோ பொட்டு கீறிப்போகும், பார்த்ததும் தெரியும். அன்றைக்குப் பெயிண்ட் கொண்டுபோகவில்லை. மதினி தன் நகப்பூச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். மெரூன் நிறம்.

"பிரேக்குக்கு மருதாணி வேணாமா தம்பி? வளையலும் போட்டு விட்டுருங்க, கல்யாணம் முடிச்சிரலாம்."

பிரேக் லைட் சரிபார்க்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று சொல்ல. "எரியுதாண்ணே?" என்று கத்தினேன். "எரியுதுலே" என்றான் பின்னாலிருந்து. வழக்கமாக ஓட்டிப் பார்க்கக் கூட வந்து, கிளீனர் சைடில் உட்கார்ந்து, நான் ஓட்டுவதைக் கேலி செய்வான். அன்றைக்கு வரவில்லை. "நீயே ஓட்டிப் பாத்துட்டு சாவிய ஆணியில மாட்டிரு" என்று உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவசரம் என்றவன் படுத்துக்கொண்டானே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சாவு வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "பேனா பிடிக்கிற கைக்கு ஸ்பேனர் எதுக்குங்கேன்?" மதினி அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பிரேக்கு நீங்கதான பாத்தீங்க" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அவள் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. மாதம் ஒருமுறை போவேன். தண்ணீர் கொடுப்பாள். "வந்தாச்சா", "கெளம்பியாச்சா" என்று ஆளில்லாத வார்த்தைகளில் பேசுவாள்.

ஸ்பேர்ஸ் கடையிலிருந்து அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. கால் தானாக அந்தத் தெருவுக்குள் திரும்பியது.

காயலான் கடையை நடத்துவது அறுபது வயதுப் பெண். தலைக்குமேல் தகரக் கூரை, சுவரில் வேத வசனம் போட்ட காலண்டர், எதிரே சக்கரம் இழந்த முப்பது நாற்பது வண்டிகள். எல்லாவற்றின் சரித்திரமும் அவளுக்கு அத்துப்படி.

"வாங்க தம்பி. என்ன வேணும்?"

முதல்முறை பார்க்கிறவள், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் அந்தச் சொல்லை. விளக்கு என்றேன். கடைசி வரிசையைக் காட்டினாள். "அந்த நீல வண்டியில நல்லா இருக்கு, கழட்டிக்கோங்க. அச்சு மட்டும் கேக்காதீங்க, போயிருச்சு. பின்அச்சு, டிரம்மு, பிரேக்கு எல்லாத்தையும் ஒண்ணா ஒரு கூமாப்பட்டிக்காரர் தூக்கிட்டுப் போயிட்டாரு."

"எப்ப?"

"அது ஆச்சு ரெண்டரை வருசம். அணைக்குப் போற வழியில தென்னந்தோப்பு. ஆளு வந்தா வாய் மூடாது. அதை வச்சே கண்டுபிடிச்சிரலாம்."

அண்ணனின் கார் செங்கல்மேல் நின்றது. முன்பக்கத்தைப் பார்க்காமலே பின்பக்கமாகப் போனேன். விளக்கின் நட்டுகளை எட்ட இடது பின்கதவு வழியாக உள்ளே குனிந்தபோது, கிளீனர் சீட்டின் கீழே மிதியடி மடிப்பில் கிடந்தது பத்தாம் நம்பர் ஸ்பேனர். என்னுடையது. பிடியில் சிவப்பு டேப் சுற்றியது. நீதான் வைத்தாய், நீதான் வைத்தாய் என்று அவனிடம் நான் பிடித்த சண்டை மூன்று வருடமாக அங்கேயே கிடந்திருக்கிறது. அதை வைத்தே விளக்கைக் கழற்றினேன். இரண்டு நட்டுகள். ஒன்று கைதவறி உள்ளே எங்கோ விழுந்தது, அதைத் தேடவில்லை.

மறுநாள் காலை கூமாப்பட்டி போனேன். ஆளைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. தோப்பின் வாசலில் ஒரு பழைய கார், அதே மாடல், வெள்ளை, பின்சீட் இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய்.

"பழைய அச்சு வளைஞ்சு போச்சுங்க. தேங்கா ஏத்துனேன், தப்பு எம்மேலதான்" என்றார்.

"காருல எம்புட்டுத் தேங்கா ஏத்துவீங்க?"

"அது அழுகுற வரைக்கும்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அது முடியும் முன்பே சொல்லிவிட்டேன். "நீங்க வாங்குன அச்சு எங்க அண்ணன் வண்டியோடது. இறந்துட்டான். அந்த பிரேக்கை மாட்டுனது நான். சரியா மாட்டுனேனான்னு ஒரு தடவை தொறந்து பாத்துக்கிடலாமா?"

வாய் மூடாத ஆள் மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "செத்த நேரம் பொறுங்க, தேங்காயை எறக்கிருதேன்" என்றார்.

ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைத் தூக்கினேன். சக்கரம் வந்தது. தகட்டின் பின்னால் குனிந்து, மண்ணையும் கிரீஸையும் துணியால் துடைத்தேன். மெரூன். நட்டிலிருந்து தகடுவரை, கீறாமல், உடையாமல். என் கைக்குப் பிறகு வேறு கை படவில்லை. டிரம்மைத் தட்டிக் கழற்றினேன். கறுப்புத் தூசி கொட்டியது. அட்ஜஸ்டரில் குத்தியிருக்கும், அன்றைக்கு அவசரத்தில் பார்க்காமல் விட்ட எழுத்தைத் தேடி விரலால் தேய்த்தேன். இடதுக்கு உரியது இடதில் இருந்தது.

அதை மூடி இறுக்கிய பிறகுதான் வலதைத் திறந்தேன். இந்த முறை விதியை மீறவில்லை. வலதில் வலது.

"தப்பா மாட்டிருக்கா?" என்றார்.

"இல்ல. சரியாத்தான் இருக்கு."

"அப்பொறம் என்ன, மனசாறப் போங்க. ரெண்டரை வருசமா ஓட்டுதேன், நம்பலேன்னா ஏறுங்க." என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அணைப் பாதையில் விரட்டினார். ஓர் ஆடு குறுக்கே வந்தது. மிதித்தார். முதல் மிதியிலேயே வண்டி குத்திக்கொண்டு நின்றது. ஆடு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கடந்தது. "பாத்தீங்களா? கல்லு மாதிரி நிக்கும்."

பார்த்தேன். அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே போனது. அந்த மூச்சு திரும்ப உள்ளே வருவதற்குள் மற்றது வந்துவிட்டது.

பிரேக் பிடிக்கும். மிதித்தால் பிடிக்கும். அப்படியென்றால் அண்ணன் மிதிக்கவில்லை.

மூன்று வருடம், ரோட்டில் கறுப்புக் கோடு இல்லாததற்கு நான் ஒரு அர்த்தம் வைத்திருந்தேன்: மிதித்தான், பிடிக்கவில்லை. அந்த அர்த்தத்தில் நான் கொலைகாரன், அண்ணன் கடைசி நொடிவரை வீட்டுக்கு வரப் பார்த்தவன். இப்போது அந்தக் கோடு இல்லாத ரோடு அப்படியே கிடக்கிறது, அர்த்தம் மட்டும் கழன்றுவிட்டது. தூங்கியிருக்கலாம். இரவு முழுக்க நூல் ஓடிய கண்கள், தூங்கியிருக்கலாம். தூங்குகிறவன் தன் ஊரைத் தாண்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் சரியாகத் திருப்பி, அவ்வளவு தூரம் எப்படிப் போனான்? சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த முதுகு நினைவுக்கு வந்தது. நான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அந்த முதுகிடம் "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். காருக்குள் என்ன தேய்ந்திருக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்திருந்தது.

வத்திராயிருப்பு வழியாகக் கிருஷ்ணன்கோவில் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் திரும்பினேன். காலேஜ் பஸ்கள் வரிசையாக எதிரே போயின. அந்த மரத்தைத் தாண்டினேன். பட்டை வளர்ந்து காயத்தை ஏறக்குறைய மூடிவிட்டது. வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மதினி, எம்மேல தப்பில்ல. மதினி, எம்மேல தப்பில்ல.

மதினி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கால் மெஷின்.

"வந்தாச்சா" என்றாள், தலை நிமிராமல்.

"அண்ணன் வண்டிய பாத்தேன் மதினி. பிரேக்கைத் தொறந்து பாத்தேன்."

மெஷின் நின்றது. கால் மட்டும் பெடல்மேல் இருந்தது. ஊசி பாதித் துணியில்.

"அந்த ரோட்டுல ஒரு டீக்கடை விடாமக் கேட்டுட்டேன்" என்றாள். என்னிடம் சொல்வதுபோல இல்லை. "டீ குடிக்கப் போயிருப்பாவன்னு எல்லாரும் சொல்லுதாவ. அன்னைக்கு அவியளப் பாத்தேன்னு ஒருத்தனும் சொல்லல. நம்ம வீட்டத் தாண்டி எதுக்குப் போனாவ? மூணு வருசமா அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க. பிரேக்கு எப்படி இருந்துச்சு?"

நான் கொண்டுவந்த வாக்கியம் வாயில் இருந்தது. அதை இறக்கி வைத்தால் என் கை சுத்தமாகிவிடும். அவள் கையில் என்ன இருக்கும் என்று பார்த்தேன்.

"எடதும் வலதும் மாறித்தான் கெடந்துச்சு மதினி. நான்தான் தப்பா மாட்டிருக்கேன்."

வெளியே யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள்.

"அப்ப அவிய மிதிச்சிருக்காவ."

"மிதிச்சிருக்கான். ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவை மிதிச்சிருப்பான்."

"பிடிக்கல."

"பிடிக்கல."

முகத்தைத் தைத்துக்கொண்டிருந்த துணியில் புதைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. தொலைந்த ஒன்று கையில் கிடைத்தவள்போல அழுதாள். நான் நின்றுகொண்டிருந்தேன். முடித்து, முகத்தைத் துடைத்து, துணியை ஊசியிலிருந்து விடுவித்து மடித்து வைத்தாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க தம்பி" என்றாள்.

மதினி நான் எழுதுவதைப் படிக்கிறவள் இல்லை. யாராவது படித்துவிட்டு அவளிடம் போய்ச் சொன்னால், எழுதுகிறவன் எதையாவது கட்டிவிடுவான் என்று நினைத்துக்கொள்வாள். அப்படியே நினைக்கட்டும்.

சாயந்திரம் வீட்டு வாசலில் அண்ணனின் விளக்கை என் காரில் மாட்டினேன். கிளீனர் சைடு. ஒரு நட்டு குறைந்தது, வீட்டில் கிடந்த வேறு ஒன்றைப் போட்டேன். இனிப் பார்க்க வேண்டியது ஒன்றுதான், எரிகிறதா என்று. பின்னால் நின்று சொல்ல ஆள் இல்லை. காரைப் பின்பக்கமாக எடுத்து, மதில் சுவரை ஒட்டி நிறுத்தினேன். உட்கார்ந்து, தலையை மட்டும் திருப்பி, பெடலை மிதித்தேன்.

சுவர் சிவந்தது.

காலை எடுத்தேன், சுவர் சாம்பலானது. மறுபடி மிதித்தேன். இருட்டும்வரை, சுவரைப் பார்த்தபடி, மிதித்துக்கொண்டே இருந்தேன்.